லீக்ஸ் விதையும் குளியலறைத் தொட்டியும்

பனியில் விறைத்துச் செத்துவிடுமோ என்று பயந்து, பினாங்கில், மாசி மாத வெயிலில், ஒரு பெட்டி விதையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்றியவன் நான். இதை வெளியே சொல்ல எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. படிக்காதவன் செய்திருந்தால் பாவம், தெரியாது என்று விட்டுவிடலாம். நான் படித்தவன். புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்தேன். பிப்ரவரி மாதத்தில், வீட்டுக்குள், சமையலறைக் கதகதப்பில் விதைப்பெட்டியை வை என்று அதில் போட்டிருந்தது. பிப்ரவரி வந்தது, வைத்தேன். அந்தப் புத்தகம் எழுதப்பட்ட ஊரில் அந்த மாதம் வாளித் தண்ணீர் கல்லாகிவிடும் என்பதும், எங்கள் ஊரில் அதே மாதம் ரோட்டுத் தார் செருப்போடு வீட்டுக்கு வரும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் இருபது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவனுக்கு, ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் எதுவானாலும் உத்தரவுதான்.

அந்தப் புத்தகம் என்னிடம் வந்த கதையும் பெருமைக்குரியது அல்ல.

பினாங்கில் வேலை முடிந்து சீமைக்குத் திரும்பும் துரைமார் தங்கள் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு போவதில்லை. பங்களாவிலேயே ஏலம் போட்டுவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். நாங்கள் அதை மலாய்க்காரர் சொல்வதுபோல் லேலோங் என்போம். என் மனைவிக்கு ஒரு கம்பிவலை அலமாரி வேண்டியிருந்தது. பொரித்து வைத்த மீனைத் தெருப்பூனை எங்களுக்கு முன்னால் ருசி பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு லேலோங்கில் நல்ல அலமாரி வருகிறது என்று தெரிந்து, சனிக்கிழமை மத்தியானம் அலுவலகம் விட்டதும் போனேன்.

அலமாரி ஏலத்துக்கு வந்தபோது நான் தோட்டத்தில் ஒரு மரத்தடியில் நின்று, காய்கறித் தோட்டம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். லீக்ஸ் என்ற அத்தியாயம். வெங்காயத்துக்குப் பெரியப்பா மகன் மாதிரி ஒரு செடி. கிழங்கு வைக்காது. அடித்தண்டு மட்டும் முழநீளத்துக்கு வெள்ளையாய், உருட்டி வைத்த கல்யாணப் பத்திரிகைபோல் இருக்கும் என்று படம் போட்டிருந்தது. அதில் நான் லயித்திருந்த நேரத்தில், அலமாரியை ஒரு சீனர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதே தோட்டத்தில் யாரும் கேட்காமல் ஒரு பெட்டி கிடந்தது. கீழே தகரத்தட்டு, மேலே கண்ணாடி மூடி, உள்ளே இரண்டு பொட்டலம் லீக்ஸ் விதை. குற்ற உணர்ச்சியில் மனிதன் எதையாவது வாங்கியே தீருவான். பெட்டியையும் புத்தகத்தையும் மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் சுங்கை பினாங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினேன்.

மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"அலமாரி பின்னாலே வருதா?"

"அலமாரி போயிடுச்சு. இது அதைவிட..."

"எதைவிட?"

அவள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள மீனை வெச்சா, பூனை கண்ணால பார்த்துட்டுப் போவும். அவ்வளவுதான்."

அவளுடைய கோபத்துக்கு முன்கதை உண்டு. இதற்கு முன் லேலோங்கிலிருந்து நான் கொண்டுவந்து சேர்த்தவற்றில், மூன்று கட்டைகள் ஊமையான ஆர்மோனியம் ஒன்று. எந்நாளும் புயல் என்றே காட்டும் காற்றழுத்தக் கருவி ஒன்று. குதிரைச் சேணம் ஒன்று. எங்களிடம் குதிரை கிடையாது. எங்களோடு தங்கித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த மைத்துனன்தான் அதன்மேல் உட்கார்ந்து சப்பாத்து மாட்டுவான்.

அன்று சாயங்காலமே தீர்ப்பு வந்துவிட்டது. அரிவாள்மணையில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கியபடி சொன்னாள்.

"தீபாவளிக்குள்ள இந்தப் பெட்டியிலேருந்து ஒரே ஒரு வெங்காயமாவது என் கட்டைவிரல் தடிப்புக்கு விளைஞ்சு இந்த அரிவாள்மணைக்கு வரணும். வந்துட்டா, நீங்க எந்த லேலோங்குக்கு வேணும்னாலும் போங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். வரலைன்னா, இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூடாது. ஆயுசுக்கும்."

"அது வெங்காயம் இல்லை. லீக்ஸ்."

"பேரு எதுவா இருந்தா எனக்கென்னா?"

"ஏன் உன் கட்டைவிரல்? என்னோடதை வெச்சுக்கலாமே."

"உங்களுது பேனா புடிச்சே தேஞ்சுபோன விரலு. இது அம்மி அரைச்ச விரலு." நீட்டிக் காட்டினாள். நியாயமான விரல்தான். சற்றுக் கூடுதலாகவே நியாயமாக இருந்தது.

மைத்துனன் சேணத்திலிருந்து எழுந்து, "ஒத்துக்காதீங்க அத்தான்," என்றான். நான் ஒத்துக்கொண்டேன்.

பந்தயம் சின்னதுபோல் தோன்றும். எனக்கு அப்படி இல்லை. வாரத்தில் ஐந்தரை நாள் நான் வெள்ளைக்காரர்களிடம் காகிதம் நீட்டிவிட்டு நின்றுகொண்டிருப்பவன். அவர்கள் பங்களாவுக்குத் தபால் கொண்டுபோனால் பின்வாசல்தான். லேலோங் நடக்கும் நாளில் மட்டும் முன்வாசல் வழியாக நுழையலாம். கூடத்து நாற்காலியில் சாய்ந்து பார்க்கலாம். வாங்குவதற்காகப் பார்க்கிறான் என்று எண்ணிக்கொண்டு யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள். அலமாரியைத் திறந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நின்றுகொண்டே பத்துப் பக்கம் படித்துவிட்டு வைக்கலாம். ஆர்மோனியமும் சேணமும் அதற்கு நான் செலுத்திய நுழைவுக் கட்டணம். இதை மனைவியிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "அப்போ நாற்காலியிலே உக்காந்துட்டு சும்மா வர வேண்டியதுதானே," என்றிருப்பாள். அவள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

எனவே அந்த வருடம் லீக்ஸ் விளைந்தே ஆகவேண்டும்.

முதல் பொட்டலம் முழுவதையும் புத்தகம் சொன்னபடி அடுப்பங்கரையில் வைத்தேன். கரி அடுப்பு. காலையில் இட்லி, மத்தியானம் குழம்பு, சாயங்காலம் மீன். மூன்று வேளையும் விதைகளுக்கு ஆவி பிடித்துவிட்டேன். மூன்று வாரத்தில் முளைக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. நான்காவது வாரம் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். சில விதைகள் பூசணம் பூத்து வெள்ளையாகியிருந்தன. மற்றவை விரலுக்கிடையில் நசுக்கினால் கடுகு தாளித்ததுபோல் பொடிந்தன.

ஆயர் ஈத்தாமிலிருந்து தினமும் காலையில் காவடிபோல் இரண்டு கூடை தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்குக் கீரை விற்க வரும் சீனர் ஒருவர் இருந்தார். நாற்பத்தாறு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். மனைவி வேண்டுமென்றே அவரைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினாள். அவர் குனிந்து மண்ணைத் தொட்டார். அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இது விதையா, ரொட்டியா?"

அவருக்குத் தமிழில் இருபது வார்த்தை தெரியும். அதில் இந்த நான்கும் இருந்தது என் கெட்ட காலம். பிறகு மலாயில், "பானாஸ் லா. மாத்தி," என்றார். சூடு, செத்துப்போகும். இந்தச் செடிக்குக் குளிர்ச்சி வேண்டும், மலை மேலே வளரும், கீழே வராது என்று கையால் மலையைக் காட்டி விளக்கிவிட்டு, கங்கோங் கீரையை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

புத்தகம் சொன்னது ஊர்மாறிய உத்தரவு என்பது அன்றுதான் உறைத்தது. குளிர்நாட்டில் விதையை வீட்டுக்குள் வைப்பது குளிருக்குப் பயந்து. நான் வீட்டுக்குள் வைக்கவேண்டியது வெயிலுக்குப் பயந்து. வீட்டுக்குள் என்பது மட்டும்தான் பொது. மலைக்குக் குடிபோக முடியாது, வேலை கீழே இருக்கிறது. ஆகவே மலையின் குளிர்ச்சியை வீட்டுக்குள் எங்கேயாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

அவசரப்பட்டு, இரண்டாவது பொட்டலத்தில் பாதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இருட்டு, நிழல், தரை வேறு குளுமை. ஐந்தாம் நாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது மனைவி உள்ளிருந்து கூப்பிட்டாள்.

"என்னாங்க, வந்து பாருங்க. உங்க லீக்ஸு நடந்து போவுது."

சோப்பு நுரையோடு போய்ப் பார்த்தேன். கறுத்த, மூன்று மூலை வைத்த சின்ன விதைகள் வரிசையாகக் கட்டிலடியிலிருந்து வாசற்படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு எறும்பு. மிகவும் ஒழுங்கான ஊர்வலம். விதை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்று கேட்பார்கள். விதை போட்டால் விதையே எழுந்து போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"புடிக்கலையா?" என்றாள்.

"எதைப் பிடிக்கிறது?"

"கடைசி ஆளைப் புடிச்சுக் கேளுங்க, எங்கே கொண்டுபோறீங்கன்னு."

மீதி விதையைத் தாளில் கொட்டி எண்ணினேன். முப்பத்தெட்டு. சித்திரை பாதி போய்விட்டது. இன்னொரு பொட்டலத்துக்குச் சீமைக்கு எழுதினால் அது கப்பலேறி வருவதற்குள் தீபாவளியே வந்துவிடும். ஆக, முப்பத்தெட்டில்தான் என் லேலோங் உரிமை இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஊரே சுருண்டு படுத்திருக்கும் நேரத்தில், சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். காற்றழுத்தக் கருவி புயல் காட்டுமே தவிர வெப்பம் காட்டாது. வேறு கருவி இல்லாததால் கன்னத்தைப் பயன்படுத்தினேன். கூடத்துச் சுவரில் கன்னத்தை ஒட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணினேன். சூடு. படுக்கையறைச் சுவர், பரவாயில்லை. நெல்லிக்காய் ஊறுகாய் ஜாடி, நன்றாகவே இருந்தது, ஆனால் அதற்குள் விதைக்க முடியாது. தரையில் படுத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். வானம் பார்த்த நடுமுற்றத்துத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தபோது மைத்துனன் எழுந்து வந்தான். 

"அக்கா! அத்தானுக்கு வெயிலு தலைக்கு ஏறிடுச்சு. தூணுக்கு முத்தம் கொடுக்குறார்."

மனைவி பாயிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "அக்காவுக்குக் கொடுக்கலையேன்னு நீ ஒண்ணும் வருத்தப்படாதே. தூங்கு," என்றாள்.

நான் நிறுத்தவில்லை. கடைசியில் கொல்லைப்புறத்துக் குளியலறைக்குள் போய், தண்ணீர் நிரம்பியிருந்த சிமெண்டுத் தொட்டியின் வெளிச்சுவரில் கன்னத்தை வைத்தேன். அந்த நிமிஷத்தை நான் மறக்கவில்லை. மலைமேல் வைத்த கன்னம்போல் இருந்தது. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். தொட்டிக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒன்றரை முழ இடைவெளி. வெயில் என்பதே அங்கு வந்ததில்லை.

எறும்பைத் தடுக்கும் வழி, வீட்டில் சாப்பாட்டு அலமாரி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்கு பால் தகரங்களில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு பலகையின் நான்கு கால்களையும் நிற்க வைத்தேன். பலகைமேல் பெட்டி. மண்ணைச் சலித்து, சாம்பல் கலந்து, முப்பத்தெட்டு விதையையும் தீக்குச்சி முனையால் ஒவ்வொன்றாக வைத்தேன். மேலே நனைத்த கோணித் துண்டு. கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டேன், அது இந்த ஊருக்குப் புழுக்கம் சேர்க்கத்தான் உதவும். ஆனால் மூடி இல்லாவிட்டால் குளிக்கிற தண்ணீர் மண்ணில் தெறிக்கும். அதனால் என் அலுவலகக் குடையை விரித்துப் பெட்டிக்கு மேலே கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நேராக நின்று குளிக்கவில்லை. குடைக்கு முதுகைக் காட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, குவளைத் தண்ணீரை வலது தோளில் மட்டும் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். சோப்புப் போடுவதென்றால் வெளியே வந்து போட்டுக்கொள்ள வேண்டும். மனைவி ஆட்சேபிக்கவில்லை. தோற்பவனுக்கு எல்லா வசதியும் செய்து கொடுத்துவிட வேண்டும், பிறகு சாக்குச் சொல்லக்கூடாது என்பது அவள் கொள்கை. மைத்துனன்தான், "என் இடது பக்கம் சித்திரையிலேருந்து குளிக்கலை அத்தான்," என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பதினான்காம் நாள் விடிகாலை, கோணியைத் தூக்கினேன். மண்ணில் கொண்டை ஊசிகள். பச்சை நூலை வளைத்து இரண்டு முனையையும் மண்ணில் செருகியதுபோல் ஐந்தாறு வளையங்கள். மறுநாள் அவை ஒரு முனையைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தன. ஒவ்வொன்றின் உச்சியிலும் விதையின் கறுப்புத் தோல் தொப்பி மாதிரி ஒட்டியிருந்தது. இருபத்தாறு முளைத்தன. அலுவலகத்துக்கு அன்று அரைமணி தாமதமாகப் போனேன். காரணம் கேட்ட தலைமைக் கிராணியிடம் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வயிற்றுவலி என்றேன்.

முளைத்த பிறகு வெளிச்சம் வேண்டும். காலையில் பெட்டியை நடுமுற்றத்துக்குத் தூக்கிப்போய், வெயில் முற்றத்துக்குள் இறங்குவதற்குள் மீண்டும் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். நான் எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன். வெயில் பத்துக்கு இறங்கும். இதை எப்படிச் சமாளிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, பெட்டி என்னவோ நான் திரும்பும்போதெல்லாம் தொட்டிக்குப் பின்னால்தான் இருந்தது. மைத்துனன் வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, மனைவி முற்றத்தில் விளக்குமாற்றோடு ஒரு கோழியை எதிர்த்து நின்றுகொண்டிருந்தாள். பெட்டி அவள் இடுப்பில் இருந்தது.

"என்னா பார்க்கறீங்க? இது வழியிலே கெடந்துச்சு. கோழி வந்துச்சு."

"சரி."

"கோழிக்காகத்தான் நிக்கறேன்."

"சரி, சரி."

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்படிப்பட்ட விஷயங்களில் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இருக்கும் அளவுக்கு எனக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஆகியிருந்தன.

ஆனி மாதத்தில் பெருவிபத்து. துறைமுகத்தில் கோதுமைமாவுக் கப்பல் வந்திருந்தது. மைத்துனன் மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்க நின்றுவிட்டு, கொழுக்கட்டைபோல் வெள்ளையாய் வந்தான். களைப்பு. சட்டம் மறந்துவிட்டது. பாட்டு ஒன்றை எடுத்துவிட்டு, குவளையைத் தள்ளி வைத்து, வாளியையே தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று. பாட்டு சட்டென்று நின்றதும்தான் எனக்கு விளங்கியது.

"அத்தான், கோபப்படக் கூடாது லா," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

குடை சாய்ந்து தொட்டிக்குள் மிதந்தது. பெட்டிக்குள் மண் கூழாகி, நாற்றுகள் மாவுத் தண்ணீரில் படுத்திருந்தன. இரண்டு வாரம் கழித்துக் கணக்கெடுத்தபோது பதினொன்று பிழைத்திருந்தன. நான் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவன் தானாகவே அன்றிலிருந்து தெருக்குழாயடியில் போய்க் குளிக்க ஆரம்பித்தான். இடது பக்கமும் சேர்த்து.

பென்சில் தடிப்பு வந்ததும் நாற்றைப் பிடுங்கி நடவேண்டும். அதைச் சொல்லும் பக்கத்தில் புத்தகம் விசித்திரமாக ஒன்று சொன்னது. மண்ணில் அரையடி ஆழத்துக்குத் துளை போடு, நாற்றை அதற்குள் விடு, மண்ணைப் போட்டு மூடாதே, தண்ணீர் மட்டும் ஊற்று. இப்படி யாராவது நாற்று நடுவார்களா? ஏற்கெனவே ஒருமுறை என்னைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்த புத்தகம். கொல்லையில் பதினொரு மண்ணெண்ணெய்த் தகரங்களில் மண் நிரப்பிவிட்டு, பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அடுப்பு, பனி இதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். துளையும் தண்ணீரும் எங்கேயும் ஒன்றுதான் என்று முடிவுசெய்து, குடைமுனையால் துளை போட்டு, நாற்றை விட்டு, தண்ணீர் ஊற்றினேன். கீரைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் கூடையை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாகுஸ் ரும்புட்," என்றார். நல்ல புல்.

"புல் இல்லை, லீக்ஸ்."

"பசு இருக்கா, தம்பி?"

புத்தகம் இந்த முறை பொய் சொல்லவில்லை. தண்ணீரோடு மண் தானாக இறங்கி வேரை மூடிக்கொண்டது. ஆவணி, புரட்டாசியில் மழை. தகரங்களின் அடியில் ஆணியால் துளை போட்டிருந்தும் ஆறு அழுகிப்போயின. ஒவ்வொரு காலையும் அலுவலகம் போகும்முன் கொல்லைக்குப் போய் மிச்சத்தை எண்ணுவேன். எட்டு. ஏழு. ஒரு வாரம் முழுக்க ஏழு. பிறகு ஐந்து. ஐந்துக்கும் தண்டு வெளுப்பதற்காகப் பழைய பத்திரிகைத் தாளைச் சுற்றி நூல் கட்டினேன். மழையில் தாள் நைந்துவிடும். மறுபடி சுற்றுவேன். வெளிநாட்டுச் செய்தி, வரி விளம்பரம், நாடகக் கொட்டகை அறிவிப்பு எல்லாம் அந்தத் தண்டுகளைச் சுற்றித்தான் இருந்தன. அந்த மழைக்காலம் முழுவதும் நாட்டு நடப்பைக் கொல்லையில் குந்தித்தான் படித்தேன். நடுவில் ஒரு நல்ல லேலோங் வந்தது. இருநூறு புத்தகம் என்று பேச்சு. பந்தயம் தீரவில்லை, போகவில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஐந்து தகரத்துக்கும் மூன்று தடவை களை எடுத்தேன். களையே இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை, மனைவி கொல்லைக்கு வந்தாள். கையில் நூல்கண்டு.

"புடுங்குங்க. பார்த்துடலாம்."

ஐந்தையும் பிடுங்கித் தொட்டித் தண்ணீரில் கழுவி வரிசையாக வைத்தேன். படத்தில் இருந்தது கல்யாணப் பத்திரிகை. இவை ஏறக்குறைய சுருட்டு. ஆனாலும் அடி வெள்ளை, நுனி பச்சை, எல்லாம் லீக்ஸின் லட்சணம்தான். அவள் நூலைத் தன் கட்டைவிரலில் சுற்றி, முனை கூடும் இடத்தில் அறுத்தாள். அந்தத் துண்டு நூல்தான் நீதிபதி. முதல் லீக்ஸில் சுற்றினாள். நூல் மிஞ்சியது. இரண்டாவதிலும் மிஞ்சியது. மூன்றாவது இன்னும் மோசம். நான்காவதில் நூலின் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சமாக ஏறி நின்றன. ஐந்தாவதில் சுற்றினாள். முனைகள் சேரவில்லை. இழுத்துப் பார்த்தாள். சேரவில்லை. தண்டைத் திருப்பி, வேறு இடத்தில் சுற்றி, இன்னும் இறுக்கிப் பார்த்தாள். நடுவே ஒரு மயிரிழை வெள்ளை தெரிந்துகொண்டே இருந்தது. கண் கிட்டத்தில் சரியாகத் தெரியாத எனக்கு, அவள் முனைகளை விரலால் மூடி, சேர்ந்துவிட்டது என்று ஏமாற்றியிருந்தால்கூடத் தெரிந்திருக்காது.

"தடிப்புதான்," என்றாள். நூலைத் தூக்கி எறிந்தாள். "போங்க உங்க லேலோங்குக்கு."

"எப்ப வேணும்னாலும்?"

"எப்ப வேணும்னாலும். ஆனா ரிக்ஷா கூடாது. கையிலே தூக்கிட்டு வர முடிஞ்சதை மட்டும் வாங்குங்க."

இது பந்தயத்தில் இல்லாத நிபந்தனை. ஆனால் புத்தகம் கையில் தூக்கக்கூடியது என்பதால் நான் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

ஐந்தையும் அவள் அரிவாள்மணையில் அரிந்தாள். இதழ்களுக்கு நடுவில் மண் ஒளிந்திருந்தது, மூன்று தண்ணீரில் அலசினாள். கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து, சின்ன இறால் போட்டு வதக்கினாள். பச்சையாய் இருக்கும்போது சட்டி நிறைய இருந்தது. வதங்கியபின் சட்டியின் மூலையில் ஒதுங்கிக்கொண்டது. எட்டு மாத உழைப்பு மூன்று இலையில் ஆளுக்கு ஒரு கைப்பிடி வந்தது. நான் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, நிதானமாக மென்றேன். மென்மை, லேசான இனிப்பு, பின்னால் ஒரு வெண்ணெய் வாசனை. அல்லது, வெண்ணெய் வாசனை வரவேண்டும் என்று நான் உறுதியாக இருந்தேன். மனைவி இலையில் மிச்சம் வைக்கவில்லை, அது எனக்குப் போதும்.

மைத்துனன் காலை வேலை முடிந்து இரண்டு மணிக்குத்தான் வந்தான். தெருக்குழாயில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு உட்கார்ந்தான். சோறு, ரசம், அவனுடைய பங்குக் கைப்பிடி. நானும் மனைவியும் எதிரில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். வழித்துச் சாப்பிட்டான். தண்ணீர் குடித்தான். இலையை மடித்து எழுந்தபடி சொன்னான்.

"வெங்காயமும் இறாலும் நல்லா இருந்துச்சு அக்கா. அந்த லீக்ஸை எப்ப சமைக்கப் போறே?"